நகல் நிரல் தேடலைத் துல்லியமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் குழுவுக்குப் பயிற்சிக்கு வரும் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளிடம் நகல் நிரலை (ஒரே மென்பொருளில் பல இடங்களில் திரும்ப வரும் நிரலை) ஒரு கருவி வைத்துத் தேடும் வேலையைக் கொடுத்தால், முதல் நாள் மாலைக்குள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். கருவியை ஓட்டியிருப்பார்கள், நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வந்திருக்கும். டோக்கன் வரம்பை (பெயர், எண், குறி போன்ற நிரல் துண்டுகள், அதாவது டோக்கன்கள், தொடர்ந்து எத்தனை ஒத்துப்போனால் நகல் என்று கொள்வது) கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள், பட்டியல் ஒரு பக்கத்துக்குள் சுருங்கியிருக்கும். "இப்ப சரியா வந்துருச்சு அண்ணே" என்பார்கள். சரியென்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் பதில் வராது.

பட்டியல் சுருங்கியது உண்மைதான். வீண் எச்சரிக்கை போனதா, வேண்டிய நகல் போனதா என்பது யாருக்கும் தெரியாது. வரம்பைத் தொடுவது இந்த வேலையின் ஆறாவது படி. அதை முதல் படியாக்குவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

குறித்து வைத்த ஒரு கமிட் (மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டில் சேமித்த நிரலின் ஒரு நிலை), கருவியின் பதிப்பு எண், ஓர் எக்செல் தாள், அந்த நிரலில் வேலை செய்த இரண்டு பேர், இடையூறு இல்லாத ஒன்றரை நாள். இரண்டு பேர் ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

நகல்களின் நான்கு வகைகளும் மனத்தில் இருக்கட்டும். இடைவெளியும் கமென்ட்டும் மட்டும் மாறியது முதல் வகை. பெயர்களும் எண்களும் மாறியது இரண்டாம் வகை. நடுவில் வரிகள் சேர்ந்தோ நீங்கியோ இருப்பது மூன்றாம் வகை. எழுத்து முற்றிலும் வேறாக இருந்து செய்யும் வேலை மட்டும் ஒன்றாக இருப்பது நான்காம் வகை. பிஎம்டி என்ற நிரல் சோதிக்கும் கருவியோடு வரும் சிபிடி, ஜேஎஸ்சிபிடி போன்ற டோக்கன் கருவிகள் முதல் இரண்டில் நன்றாக வேலை செய்யும், மூன்றில் தடுமாறும். நான்கை அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

## 1. எதற்காகத் தேடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

இது சடங்கு மாதிரித் தெரியும், ஆனால் இது இல்லாமல் மூன்றாம் படியில் சண்டை வரும்.

சிங்கப்பூர்ச் சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மத்திய சேம நிதிச் சந்தா வயதுக்கு வயது மாறும். 55 வரை ஒரு விகிதம், 55க்கு மேல் 60 வரை ஒன்று, இப்படி 70க்கு மேல் வரை போகும். பழைய நிரலில் இது ஐந்து கிளைகளாக, வரிக்கு வரி ஒரே மாதிரி, விகிதம் மட்டும் மாறி எழுதப்பட்டிருக்கும். இது நகலா?

நிரலை ஒழுங்குபடுத்துவது நோக்கமென்றால் ஆம், ஓர் அட்டவணையாக மாற்றிவிடலாம். ஓரிடத்தில் திருத்திவிட்டு மற்றோர் இடத்தை மறந்துபோகும் பிழையைத் தடுப்பது நோக்கமென்றால் இது அவ்வளவு முக்கியமில்லை. ஐந்தும் ஒரே திரையில், ஒருவர் கண்முன்னே கிடக்கின்றன. ஒரே ஜோடிக்கு இரண்டு விடையும் சரி. நோக்கத்தை முடிவு செய்யாமல் துல்லியத்தை அளக்க முடியாது.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்ளும் நோக்கம் இரண்டாவது: "ஓரிடத்தில் மாற்றினால் இன்னோர் இடத்திலும் மாற்றியாக வேண்டிய நிரல் எங்கெல்லாம் இருக்கிறது?" சிங்கப்பூரில் பில், சம்பளம், அடையாள எண் ஆகியவற்றைத் தொடும் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1 அன்று 7லிருந்து 8 விழுக்காடானது, 2024 ஜனவரி 1 அன்று 9 ஆனது. சேம நிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,300 வெள்ளி, 2024 ஜனவரியில் 6,800, 2025 ஜனவரியில் 7,400, 2026 ஜனவரியில் 8,000. நகல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தாண்டு விடுமுறை கிடையாது.

## 2. நிரலை உறைய வைத்து, சேராததை வெளியே எடுங்கள்

ஒரே கமிட்டில்தான் எல்லா அளவீடும். நடுவில் யாரோ கோப்பை மாற்றினால் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

பிறகு, மனிதர் கையால் எழுதாததை விலக்குங்கள்: கருவி உருவாக்கிய புரோட்டோபஃப், ஓப்பன் ஏபிஐ கோப்புகள், வெளி நூலகங்கள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறை, சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், ரெப்போவுக்குள் (நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியத்துக்குள்) அப்படியே கொண்டுவந்து வைத்த வெளி நூலகங்கள், டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்புகள். வீண் எச்சரிக்கையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. வரம்பைக் கூட்டுவதால் இவை போகாது. உருவாக்கப்பட்ட கோப்புகளில் நகல்கள் நீளமானவை, எந்த வரம்பையும் தாண்டி முதலிடத்தில் வந்து உட்காரும்.

டெஸ்ட் நிரலை (முக்கிய நிரலைச் சோதிக்கும் நிரலை) மட்டும் தூக்கி எறிய வேண்டாம். தனியாக ஓட்டுங்கள். டெஸ்ட்களில் ஏற்பாட்டு வரிகள் திரும்பத் திரும்ப வருவது இயல்பு, அவற்றைச் சேர்த்து அளந்தால் முக்கிய நிரலின் எண் கெட்டுப்போகும்.

விலக்கிய பாதைகளைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதி ரெப்போவிலேயே போடுங்கள். ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கும் விலக்குப் பட்டியலால் நான் ஒரு வாரம் இழந்திருக்கிறேன்.

## 3. விடைத்தாள் தயாரியுங்கள்

விடைத்தாள் என்பது எது நகல், எது இல்லை என்று நாமே குறித்து வைக்கும் பட்டியல். நேரத்தில் பாதி இதற்குத்தான் போகும், போகட்டும். நமக்குத் தேவை இரண்டு எண்கள். கருவி நகல் என்று சொன்னவற்றில் எத்தனை உண்மை என்பது பிரிசிஷன். உண்மையில் இருக்கும் நகல்களில் எத்தனையைக் கருவி பிடித்தது என்பது ரீகால். முதலாவதை அளப்பது சுலபம். இரண்டாவதை அநேகமாக யாரும் அளப்பதில்லை, அதனால்தான் வரம்பைக் கூட்டியவுடன் எல்லாம் சரியானதாகத் தோன்றுகிறது.

பிரிசிஷனுக்கு. கருவியைத் தாழ்ந்த வரம்பில் ஓட்டி, கிடைத்த பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 100 எடுங்கள். பட்டியலின் தலையிலிருந்து எடுக்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் நீளமான நகலை மேலே வைக்கும், நீளமானவை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், பிரிசிஷன் பொய்யாக உயரும். வேலை மிச்சமாகட்டும் என்று 20 மட்டும் எடுத்து அதில் 16 சரி என்று வந்தால், உண்மையான அளவு 58க்கும் 92க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 100க்கு 80 என்றால் அந்த இடைவெளி 71 முதல் 87 வரை சுருங்கும். இருபதை வைத்து முடிவெடுப்பது பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

எடுத்த ஜோடிகளை இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து "ஆம்", "இல்லை" என்று குறிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே குறித்தால் மூத்தவர் சொன்னதற்கு இளையவர் தலையாட்டுவார். நம் ஊர்ப் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், அது இங்கே பாதகம். இருவரும் குறித்து முடித்த பிறகு, மாறுபட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உணவங்காடியில் தே தாரிக்கோடு உட்கார்ந்து பேசுங்கள். மாறுபாடு ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் குற்றம் ஆட்களிடம் இல்லை, முதல் படியில் எழுதிய வரி தெளிவாக இல்லை. அதைத் திருத்திவிட்டு மறுபடி குறியுங்கள்.

ரீகாலுக்கு. இருக்கும் எல்லா நகலும் தெரிந்தால் கருவியே தேவையில்லையே என்று தோன்றும். எல்லாம் வேண்டாம், நம்பத்தக்க ஒரு பிடி போதும். அதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, கிட் வரலாறு. 2023, 2024 ஜனவரியை ஒட்டிய கமிட்களைத் திறந்து, வரிவிகிதத்துக்காக எந்தெந்தக் கோப்புகள் மாற்றப்பட்டன என்று பாருங்கள். ஒரே காரணத்துக்காக ஒரே விதமாகத் திருத்தப்பட்ட இடங்கள் பெரும்பாலும் நகல்கள். முதல் கமிட்டுக்குச் சில நாள் கழித்து "விட்டுப்போனதைச் சரிசெய்தேன்" என்ற தொனியில் வரும் கமிட்களை விடாதீர்கள். தங்கம் அங்கேதான் இருக்கிறது.

அடையாள எண் சரிபார்ப்பும் இப்படித்தான். 2022 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவருக்கான எண்களில் எம் என்று தொடங்கும் வரிசை வந்தது. எஸ், டி, எஃப், ஜி என்ற நான்கு எழுத்தை மட்டும் ஏற்ற பழைய ஃபங்ஷன் எத்தனை இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இரண்டாம் வழி, நீங்களே விதைப்பது. நன்றாகத் தெரிந்த 10 ஃபங்ஷன்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு பிரதி செய்யுங்கள். ஒன்றில் பெயர்கள் மாறட்டும், ஒன்றில் எண்கள் மாறட்டும், ஒன்றில் நடுவில் ஒரு லாக் வரியை (நடந்ததைப் பதியும் வரியை) செருகுங்கள், ஒன்றில் இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள். கிட்டில் தனிக் கிளை ஒன்றில் வெவ்வேறு கோப்புறைகளில் போட்டுவிட்டு, கருவி எவற்றைப் பிடிக்கிறது என்று பாருங்கள். எந்த வகை மாற்றத்தில் உங்கள் கருவிக்குக் கண் தெரியவில்லை என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

விடைத்தாளில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசிவரை அதைப் பார்க்கக் கூடாது. முழுத் தாளையும் வைத்துக் கருவியைச் சீர்செய்தால், அது அந்தத் தாளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனாகிவிடும்.

## 4. பெயர்களையும் எண்களையும் இயல்பாக்குங்கள்

இயல்பாக்குவது என்றால், ஒப்பிடும் முன் பெயர்களையும் எண்களையும் பொதுக் குறிகளாக மாற்றுவது. துல்லியம் உண்மையில் கூடுவதும் குறைவதும் இந்தப் படியில்தான்.

பெயர்களை உள்ளபடியே ஒப்பிட்டால் இரண்டாம் வகை நகல் மொத்தமும் தவறிப்போகும். சரி என்று சிபிடியில் பெயர்களைப் புறக்கணிக்கும் விருப்பத்தைப் போட்டால், எல்லாப் பெயரும் ஒரே குறியாகும். "மொத்தம் = விலை + வரி" என்பதும் "மொத்தம் = மொத்தம் + வரி" என்பதும் ஒன்றாகிவிடும். முதலாவது கூட்டல், இரண்டாவது சேர்த்துக்கொண்டே போவது. சம்பந்தமில்லாதவை ஜோடி சேரும்.

நடுவழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பெயரையும் அது முதலில் தோன்றிய வரிசை எண்ணால் மாற்றுவது. அப்போது முதலாவது "1 = 2 + 3" என்றும், இரண்டாவது "1 = 1 + 2" என்றும் ஆகும். பெயர் மாறினாலும் உறவு காப்பாற்றப்படும். நைக்காட் என்ற நகல் தேடும் கருவியில் குருட்டு மாற்றம் (எல்லாப் பெயரும் ஒரே குறி), சீரான மாற்றம் (வரிசை எண்) என்று இரண்டு விருப்பமும் உள்ளன. சீரான மாற்றத்தை எடுங்கள். உங்கள் கருவியில் இது இல்லையென்றால், நிரலின் அமைப்பைப் பிரித்துக் காட்டும் ட்ரீ சிட்டர் போன்ற பார்ஸரை வைத்துக் கோப்புகளை முதலில் இயல்பாக்கிவிட்டு, அந்தப் பிரதியைக் கருவிக்குக் கொடுக்கலாம்.

அப்படிச் செய்யும்போது உள்ளூர் மாறிகளின் பெயர்களை மட்டும் மாற்றுங்கள். அழைக்கப்படும் ஃபங்ஷன்களின் பெயரையும் டைப் பெயர்களையும் தொடாதீர்கள். டேட்டாபேஸில் எழுதுவதும் மின்னஞ்சல் அனுப்புவதும் வடிவத்தில் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒன்றைத் திருத்தினால் மற்றதைத் திருத்தப் போவதில்லை.

எண்கள் இன்னும் சிக்கலானவை. அடையாள எண்ணின் கடைசி எழுத்தைச் சரிபார்க்க, ஏழு இலக்கங்களையும் 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதியைப் பார்ப்பார்கள். டி, ஜி என்று தொடங்கினால் கூடுதலாக 4 சேர்ப்பார்கள். எண்களை மறைத்துவிட்டால் இந்தக் கணக்கும் வேறு எந்த எடைக் கூட்டலும் ஒன்றாகத் தெரியும். மறைக்காவிட்டால், ஓரிடத்தில் 0.08 என்றும் மற்றோர் இடத்தில் இன்னும் 0.07 என்றும் கிடக்கும் வரிக் கணக்கு தப்பிவிடும். நாம் தேடிக்கொண்டிருப்பதே அதைத்தான்!

நான் செய்வது இது. தேடும்போது எண்களை மறைத்துவிடுகிறேன். கிடைத்த ஜோடிகளில் உண்மையான எண்களைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டு, வடிவம் ஒன்றாகவும் எண் வேறாகவும் இருப்பவற்றைப் பட்டியலின் தலையில் வைக்கிறேன். எல்லா எண்ணும் வேறாக இருந்தால் அது பெரும்பாலும் வேறு கணக்கு. ஒன்றே ஒன்று மட்டும் வேறாக இருந்தால் உடனே திறந்து பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பில் அச்சிடும் நிரல் 8க்கு மாறியிருக்க, பணம் திருப்பித் தரும் நிரல் 7இலேயே கிடந்தது இப்படித்தான் வெளியே வந்தது.

ஒன்றை மட்டும் இந்தப் படியால் பிடிக்க முடியாது. வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கச் சிலர் 7ஐ 107ஆல் வகுத்திருப்பார்கள், சிலர் 1.07ஆல் வகுத்துக் கழித்திருப்பார்கள். விடை ஒன்று, வடிவம் வேறு. இது நான்காம் வகை. இதற்குப் பெரிய கருவி தேட வேண்டாம். 0.07, 1.07, 107 என்று எண்ணையே போட்டு ரெப்போ முழுக்கத் தேடுங்கள்.

## 5. ஒப்பிடும் அலகைத் தீர்மானியுங்கள்

சிறிய படிதான். டோக்கன் கருவிகளுக்கு ஃபங்ஷன் எங்கே முடிகிறது என்பது பொருட்டில்லை. ஒரு ஃபங்ஷனின் வாலும் அடுத்ததன் தலையும் சேர்ந்து நகல் என்று வரும், கோப்பின் உச்சியில் உள்ள இம்போர்ட் வரிகளும் வரும். ஃபங்ஷன் எல்லையைத் தாண்டும் ஜோடிகளை எல்லையிலேயே வெட்டி, மிஞ்சியது வரம்புக்குக் கீழே போனால் விட்டுவிடுங்கள். மாறிகளைப் படிக்கவும் எழுதவும் மட்டும் உள்ள கெட்டர், செட்டர் ஃபங்ஷன்களையும் இப்போதே நீக்குங்கள்.

## 6. இப்போது வரம்பைத் தொடுங்கள்

30, 40, 50, 70, 100 டோக்கன் என்று ஐந்து முறை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் பிரிசிஷனையும் ரீகாலையும் விடைத்தாளை வைத்துக் கணக்கிடுங்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த அட்டவணை.

இயல்பாக்கலுக்குப் பிறகுதான் இது என்று ஏன் அடம்பிடிக்கிறேன்? பெயர்களை மறைத்தால் தற்செயல் ஒற்றுமை கூடும், அதற்கேற்ப வரம்பும் உயர வேண்டியிருக்கும். முன்பே வரம்பைத் தீர்மானித்திருந்தால் அந்த உழைப்பு வீண்.

இணையத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே போடாதீர்கள். ஜாவா நிரலைக் கட்டும் மேவனுக்கான பிஎம்டி செருகியில் இயல்பு வரம்பு (நாம் எதுவும் மாற்றாவிட்டால் இருப்பது) 100 டோக்கன். ஜேஎஸ்சிபிடியில் 50 டோக்கன், 5 வரி. நிரலின் தரம் பார்க்கும் சோனார்கியூப் ஜாவாவுக்கு அடுத்தடுத்த 10 ஸ்டேட்மென்ட்களைப் பார்க்கும், மற்ற மொழிகளில் பெரும்பாலும் 100 டோக்கன், 10 வரி. ஒரே ரெப்போவுக்கு இந்த மூன்று கருவிகளும் வெவ்வேறு விழுக்காடு காட்டினால் எதிலும் பிழையில்லை, அளவுகோல்கள் வேறு. அடையாள எண் சரிபார்ப்பைக் கச்சிதமாக எழுதினால் 100 டோக்கனுக்குள் அடங்கிவிடும். 100 டோக்கன் என்ற இயல்பு வரம்பில் அது எந்தக் காலத்திலும் அகப்படாது.

நம் நோக்கத்துக்கு ரீகாலின் பக்கம் சாய்வது நல்லது. வீண் எச்சரிக்கை ஒன்றைப் பார்த்துத் தள்ள அரை நிமிடம் போதும், தவறிய நகல் வாடிக்கையாளரின் பில்லில் போய் நிற்கும். நகல் இருந்தால் நிரலைச் சேர்க்கவிடாத கட்டாயத் தடையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் நேர்மாறு. வீணாக இரண்டு முறை தடுத்தால், மூன்றாம் முறை யாராவது அந்தத் தடையையே அணைத்துவிடுவார்கள்.

## 7. மூன்றாம் வகைக்குத் தனிச் சுற்று

விதைத்த நகல்களில் லாக் வரி செருகியது தவறியிருக்கும், பாருங்கள். 90 டோக்கன் நகலின் நடுவில் ஒரு வரி நுழைந்தால் அது இரண்டு 45 ஆகிவிடும். வரம்பு 50 என்றால் இரண்டும் மறைந்துபோகும்.

எளிய மருந்து, தாழ்ந்த வரம்பில் ஓட்டி, அதே இரண்டு கோப்புகளில் சில வரி இடைவெளியில் அடுத்தடுத்து வரும் துண்டுகளை ஒட்டுவது. ஒட்டிய பிறகு வரம்பைப் பாருங்கள். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும்.

அது போதாதென்றால் நைக்காட் அல்லது சோர்சரர்சிசி கருவியை எடுங்கள். நைக்காட் இயல்பாக 0.3 வேறுபாட்டை அனுமதிக்கும், அதாவது பத்து வரியில் மூன்று மாறலாம். நீளமான ஃபங்ஷனில் இது நியாயம். பத்தே வரி உள்ள ஃபங்ஷனில் மூன்று வரி மாறினால் அது வேறு ஃபங்ஷனாகவே இருக்கலாம். ஆகவே குட்டி ஃபங்ஷன்களுக்கு 0.1, மற்றவற்றுக்கு 0.3 என்று இரண்டு முறை ஓட்டுங்கள்.

இரண்டு கருவிகளின் விடைகளைச் சேர்க்கும்போது ஜோடிகளை எண்ணாதீர்கள், குழுக்களை எண்ணுங்கள். ஒரே ஃபங்ஷன் 12 இடத்தில் இருந்தால் அது 66 ஜோடி. அந்த ஒரு குழு சரியாக இருந்துவிட்டால் பிரிசிஷன் அபாரமாகத் தெரியும், மற்றவை எல்லாம் குப்பையாக இருந்தாலும்.

## 8. ஒதுக்கி வைத்த விடைத்தாளைத் திறந்து பாருங்கள்

மூன்றாம் படியில் மூடி வைத்த பங்கை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு எண்களும் முன்பு கிடைத்ததற்கு அருகில் இருந்தால் நல்லது. ரீகால் சட்டென்று விழுந்தால் நான்காம் படியில் உங்கள் விதிகள் ஓரிரு நகல்களுக்கென்றே தைத்த சட்டையாக இருக்கின்றன. அங்கே திரும்புங்கள். வரம்பைத் திருகி ஈடுகட்ட வேண்டாம்.

## 9. அடக்கும் பட்டியலுக்குக் காரணம் கேளுங்கள்

தெரிந்தே வைத்திருக்கும் நகல்கள் இருக்கும், அவற்றுக்கு எச்சரிக்கை வராமல் அடக்க வேண்டியிருக்கும். சிபிடியில் கமென்ட்டாகவே அணைத்து மீண்டும் இயக்கும் குறிகள் உள்ளன. அந்தக் கமென்ட்டின் அதே வரியில் காரணமும் தேதியும் இல்லாவிட்டால் புல் ரிக்வெஸ்ட்டை (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) ஏற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காரணமில்லாத அடக்கம் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாத மௌனமாகிவிடும்.

## 10. புதிய நிரலுக்கு மட்டும் தடை போடுங்கள்

பழைய நகல் எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுத்தால் எந்த வேலையும் நகராது. புதிதாக வரும் நிரல் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சோனார்கியூபின் இயல்புத் தடை புதிய நிரலில் 3 விழுக்காட்டு நகல் வரிகள் வரை அனுமதிக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். 2,000 வரி புல் ரிக்வெஸ்ட்டில் 12 வரி அடையாள எண் சரிபார்ப்பு ஒட்டப்பட்டிருந்தால் அது 0.6 விழுக்காடு, பச்சை விளக்கோடு போய்விடும். முக்கியமான ஃபங்ஷன்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றோடு ஒத்துப்போவது எவ்வளவு சிறியதானாலும் எச்சரிக்கை வரும்படி தனி விதி எழுதுங்கள்.

கருவியின் பதிப்பு மாறும்போதும், ரெப்போவில் புது மொழி நுழையும்போதும் ஆறாம் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். வரிவிகிதமோ சேம நிதி வரம்போ மாறும் கமிட் அடுத்து வரும்போது, அது தொட்ட இடங்களை அதற்கு முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டு, அறிக்கையில் இல்லாத ஒவ்வோர் இடத்தையும் விடைத்தாளில் சேர்த்துவிடுங்கள்.